பிளேடு ஒண்ணு போதும், கை அழுத்த வேண்டாம்

(ஒலிப்பதிவிலிருந்து எடுத்து, பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் திருத்திய வடிவம்)

திருவண்ணாமலையில இருந்து பேசுறேன். பின்னாடி பஸ் ஹாரன் கேட்டா ஆச்சரியப்படாதீங்க. இன்னைக்குப் பௌர்ணமி, ஊர் முழுக்கக் கிரிவலக் கூட்டம்.

இன்னைக்கு விஷயம் ஷேவிங். "இதுல பேச என்ன இருக்கு?"ன்னு தோணுச்சுன்னா, உங்களுக்கு வாய்ச்ச தோல் நல்ல தோல். நீங்க தாராளமா அடுத்த எபிசோடுக்குப் போயிடலாம். ஷேவ் பண்ணி முடிச்ச உடனே கழுத்து செவந்து எரியுறவங்க, ரெண்டு நாள்ல தாடைக்குக் கீழ பொடிப்பொடியா கட்டி வர்றவங்க, அது ஆறின இடத்துல கறுப்புப் புள்ளி நின்னுபோனவங்க, இதுக்குப் பயந்தே தாடி வளர்க்கிறவங்க, இந்த எபிசோடு உங்களுக்கு. ரெண்டு பக்கமும் வெட்டுற பிளேடு போடுற பழைய சேஃப்டி ரேசர், அதாவது நம்ம தாத்தா ஷேவிங் செட்ல இருந்ததே அது, அதை எப்படித் தேர்ந்தெடுக்கிறது, எப்படிப் பயன்படுத்துறதுன்னு பார்ப்போம்.

கால்ல, கையில ஷேவ் பண்ற பெண்களுக்கும் இதுல முக்கால்வாசி பொருந்தும். தோல் தோல்தானே.

ஒரு வயசுக் குழந்தையின் தலை

எங்க ஊர்ல இருந்தே ஆரம்பிக்கிறேன். கோயில் ஊர்னா மொட்டை இருக்கும். 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி, பதினாறு வயசுப் பையனா ரமணர் இங்க வந்து இறங்கினப்போ, அன்னைக்கே அய்யங்குளத்துப் பக்கத்துல தலையை மழிச்சுக்கிட்டார்னு அவரோட வாழ்க்கை வரலாற்றுல படிக்கலாம். இப்பவும் குடும்பம் குடும்பமா வேண்டுதலுக்கு வந்து முடி கொடுக்கிறாங்க. அறநிலையத்துறை கோயில்கள்ல 2021-ல இருந்து அதுக்குக் கட்டணமும் கிடையாது.

மொட்டை போடுற இடத்துல ஒரு பத்து நிமிஷம் நின்னு கவனிங்க. தாய்மாமன் மடியில ஒரு வயசுக் குழந்தை. கத்துது, தலையை ஆட்டுது. அதைவிட மென்மையான தோல் எங்க இருக்கு? அந்தத் தலையை மழிக்கிறதுக்கு அஞ்சு பிளேடு வச்ச ரேசர் எல்லாம் கிடையாது. பெட்டிக்கடைல கிடைக்கிற அதே சாதா பிளேடு. அதைக் காகித உறையோடயே நடுவுல ஒடிச்சு, ஒரு பாதியைக் கத்தியில சொருகி மழிக்கிறாங்க. குழந்தை தலையில பெரும்பாலும் ஒரு கீறல்கூட இருக்காது.

இருபது வருஷத்துக்கு மேல இந்தத் தொழில்ல இருக்கிற ஒரு அண்ணன்கிட்ட, "எப்படிண்ணா?"ன்னு கேட்டேன். அவர் சொன்னார்: "தண்ணி நிறைய ஊத்தணும் தம்பி. முடி நல்லா ஊறணும். ஊறிச்சின்னா கத்தி தானா போவும். ஊறலன்னா நாம அழுத்துவோம். அழுத்துனா தோலு வந்துரும்."

இந்த எபிசோடோட மொத்த விஷயமும் அவர் சொன்ன அந்த அஞ்சு வரில இருக்கு. மீதி எல்லாம் அதுக்கு விளக்கம்.

தோலுக்கு என்ன நடக்குது?

கார்ட்ரிட்ஜ் ரேசர் கதை சுருக்கமா. ஜில்லெட் 1971-ல ரெண்டு பிளேடு வச்ச ரேசரை விட்டாங்க. 1998-ல மூணு. 2006-ல அஞ்சு. விளம்பரத்துல நீங்க பார்த்திருப்பீங்க: முதல் பிளேடு முடியை இழுத்துப் பிடிக்கும், அது உள்ள போறதுக்குள்ள அடுத்த பிளேடு வெட்டும். அதனால முடி தோல் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழேயே வெட்டுப்படும். தடவிப் பார்த்தா வழவழன்னு இருக்கும். நேர் முடி உள்ளவங்களுக்கு இது பெரும்பாலும் பிரச்சினை இல்ல.

சுருட்டை முடி, தடிச்ச முடி உள்ளவங்களுக்குத்தான் சிக்கல். கீழ வெட்டுப்பட்ட முடி திரும்ப வளரும்போது நேரா வெளிய வராம, வளைஞ்சு தோலுக்குள்ளயே குத்தும். உடம்பு அதை முள்ளு குத்தின மாதிரி எடுத்துக்கும். வீங்கும், செவக்கும், கட்டியாகும். இதுக்கு மருத்துவத்துல சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பேன்னு பேரு. நாம ரேசர் பம்ப்ஸ்னு சொல்றோம். கிருமித் தொற்றுனால முடிக்கால்ல சீழ் வைக்கிறது வேற. பார்க்க ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கும். அதனால ரொம்ப நாளா ஆறலன்னா நீங்களே முடிவு பண்ணாம டாக்டர்கிட்ட காட்டுங்க.

இன்னொண்ணு, ஒரு இழுப்புல அஞ்சு பிளேடு போச்சுன்னா, அந்த இடத்தை அஞ்சு தடவை சுரண்டின கணக்கு. ஒரே இடத்துல மூணு இழுப்புன்னா பதினஞ்சு. எளிதில் எரியுற தோலுக்கு இது தாங்காது. சேஃப்டி ரேசர்ல ஒரு இழுப்புக்கு ஒரே பிளேடு. முடி தோல் மட்டத்துலயே வெட்டுப்படும். இது மந்திரம் ஒண்ணும் இல்ல. எத்தனை தடவை சுரண்டுறோம்ங்கிற கணக்கு, அவ்வளவுதான்.

தாத்தா ரேசரின் கதை

கிங் கேம்ப் ஜில்லெட், அமெரிக்கர். தேய்ஞ்சா தூக்கிப் போடுற மெல்லிய பிளேடு, அதுக்கு ஒரு கைப்பிடி. 1903-ல விற்பனைக்கு வந்தப்போ அந்த வருஷம் முழுக்க வித்தது 51 ரேசர், 168 பிளேடு. 1904-ல காப்புரிமை கிடைச்சுது. முதல் உலகப்போர்ல அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அரசாங்கமே இதை வாங்கிக் கொடுத்தப்புறம்தான் வீட்டுல தானே ஷேவ் பண்ணிக்கிற பழக்கம் பெரிசாப் பரவுச்சு.

நமக்கு முக்கியமான விஷயம் என்னன்னா, அந்தப் பிளேடோட அளவு உலகம் முழுக்க ஒண்ணுதான். எந்தக் கம்பெனி பிளேடும் எந்தக் கம்பெனி ரேசர்லயும் உட்காரும். கார்ட்ரிட்ஜ்ல அந்தச் சுதந்திரம் கிடையாது. கைப்பிடி ஒருத்தர்கிட்ட வாங்கினா, காலம் பூரா அவங்ககிட்டயே தலைக்கும் காசு கொடுக்கணும்.

நம்ம ஊரோட ஒரு குட்டிக் கதையும் இதுல இருக்கு. ஜில்லெட் 2000-களின் தொடக்கத்துல இந்தியாவுக்குன்னே வெக்டர்னு ஒரு ரேசரை மாத்தி அமைச்சாங்க. அதைச் சோதிச்சுப் பார்த்தது அமெரிக்காவுல எம்.ஐ.டி.ல படிச்ச இந்திய மாணவர்கள்கிட்ட. அங்க குழாயைத் திறந்தா தண்ணி. இங்க நிறைய பேர் ஒரு மக் தண்ணியை வச்சுக்கிட்டு ஷேவ் பண்றவங்க. மக்ல முக்கி ஆட்டினா பிளேடுக்கு நடுவுல மாட்டின முடி போகல. அப்புறம்தான் இங்க வீடு வீடா வந்து பார்த்து, 2010-ல ஒரே பிளேடு வச்ச கார்டு ரேசரை 15 ரூபாய்க்கு விட்டாங்க. அதாவது மக் தண்ணில ஷேவ் பண்றவங்களுக்கு ஒரு பிளேடுதான் ஒத்துவரும்னு அவங்களே கண்டுபிடிச்சாங்க. சேஃப்டி ரேசரும் அப்படித்தான், மக்ல ஒரு ஆட்டு ஆட்டினா சுத்தமாயிடும்.

எந்த ரேசர் வாங்குறது?

கடையில, ஆன்லைன்ல பார்த்தீங்கன்னா மூணு வகை இருக்கும். தலை, தட்டு, கைப்பிடின்னு மூணு துண்டா கழர்றது. தலை தனியா, கைப்பிடியும் தட்டும் ஒண்ணாச் சேர்ந்திருக்கிற ரெண்டு துண்டு ரேசர். அடியில திருகினா மேல ரெண்டு கதவு மாதிரி திறக்குறது. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு மூணு துண்டு ரேசர் நல்லது. கெட்டுப்போறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல, கழுவுறதும் சுலபம்.

அடுத்து, பிளேடுக்குக் கீழ இருக்கிற தட்டோட ஓரத்தைப் பாருங்க. நேர்ப்பட்டையா இருக்கிறதும் உண்டு, சீப்புப் பல்லு மாதிரி இருக்கிறதும் உண்டு. பல்லு வச்சது நீளமான தாடிக்கு. உங்களுக்கு நேர்ப்பட்டை. பிளேடு எவ்வளவு வெளிய துருத்திட்டு இருக்கு, பிளேடுக்கும் பட்டைக்கும் எவ்வளவு இடைவெளின்னும் பாருங்க. ரெண்டும் கம்மியா இருந்தா மென்மையான ரேசர். விக்கிறவங்க இதை "மைல்டு"ன்னு எழுதியிருப்பாங்க. அதை எடுங்க. "அக்ரெசிவ்"னு போட்டது, பிளேடு சாய்வா உட்கார்ற வகை, இடைவெளியைக் கூட்டிக் குறைக்கிற வகை எதுவும் முதல் ரேசரா வேண்டாம்.

எடையும் முக்கியம். உலோகத்துல, கையில கொஞ்சம் கனமா இருக்கணும். ரேசரோட கனமே வெட்டுற வேலையைச் செய்யும், நீங்க அழுத்த வேண்டியதில்ல. பிளாஸ்டிக் கைப்பிடி லேசா இருக்கும், கை தானா அழுத்தப் பார்க்கும். சில நூறு ரூபாய்ல நல்ல உலோக ரேசர் கிடைக்குது. ஆயிரக்கணக்குல செலவு பண்ணணும்னு அவசியம் இல்ல.

பிளேடு. டோபாஸ், செவன் ஓ கிளாக்னு பெட்டிக்கடைலயே கிடைக்கும். ஜப்பான்ல செய்யுற ஃபெதர் ரொம்பக் கூர்மைன்னு பேர் வாங்கினது. கூர்மை கம்மியா இருந்தா தோலுக்கு நல்லதுன்னு ஒரு நினைப்பு இருக்கு. மொக்கை பிளேடு முடியை வெட்டாம இழுக்கும். அப்போ கை அழுத்தும், எரிச்சல் வரும். அதே சமயம் கை பழகாதப்போ ரொம்பக் கூர்மையும் வேண்டாம். மூணு நாலு வகையில ஒவ்வொரு பாக்கெட் வாங்குங்க. ஒரு வகையை ரெண்டு வாரம் போட்டுப் பார்த்துட்டு அடுத்ததுக்குப் போங்க. ரேசர், பிளேடு, கிரீம் மூணையும் ஒரே நாள்ல மாத்தினா, எது ஒத்துக்கல, எது ஒத்துக்குச்சுன்னு தெரியாமப் போயிடும்.

ஒரு பிளேடு நாலு ஷேவ். அதுக்கு மேல இழுக்க ஆரம்பிச்சா யோசிக்காம மாத்துங்க. வாரம் மூணு ஷேவ்னா வருஷத்துக்கு 39 பிளேடு. ஒண்ணு அஞ்சு ரூபாய்ன்னே வச்சுக்கோங்க, 195 ரூபாய்.

ஊறணும்

குளிச்சிட்டு ஷேவ் பண்ணுங்க, ஷேவ் பண்ணிட்டுக் குளிக்காதீங்க. நனைஞ்ச முடியை வெட்ட ரொம்பக் கம்மியான விசை போதும். ஆனா முடி ஊற ரெண்டு மூணு நிமிஷம் ஆகும். முகத்துல தண்ணியை அடிச்ச உடனே கிரீம் போடுறது ஊறல் கணக்குல வராது.

தண்ணி எப்படிப்பட்டதுன்னும் பாருங்க. எங்க தெரு போர் தண்ணில சோப்பு நுரைக்கவே நுரைக்காது. சென்னையில, பெங்களூருல போர் தண்ணி, லாரித் தண்ணில இருக்கிறவங்களுக்கும் இது தெரியும். உப்புத் தண்ணில இருக்கிற கால்சியம் சோப்போட சேர்ந்து திரிஞ்சு, வெள்ளையாப் படியும். நுரை நிக்காது, பிளேடு வழுக்காது. வழி சுலபம்: ஷேவிங்குக்கு மட்டும் ஒரு மக் குடிதண்ணியைச் சூடு பண்ணி எடுத்து வச்சுக்கோங்க.

வாசனை இல்லாத கிரீம். பிரஷ்ஷால ஒரு நிமிஷம் வட்டமாத் தேய்ச்சு, தயிர் மாதிரி நுரை வரணும். பஞ்சு மாதிரி உப்பியிருந்தா அதுல காத்துதான் இருக்கு, ஈரம் இல்ல. இன்னும் நாலு சொட்டுத் தண்ணி விடுங்க.

கை எப்படிப் போகணும்?

முதல்ல ஒரு நாள் ஷேவ் பண்ணாம, விரலால முகம், கழுத்து முழுக்கத் தடவிப் பாருங்க. வழுக்கினா அது முடி வளர்ற திசை. சொரசொரன்னு தடுத்தா எதிர்த் திசை. கன்னத்துல பொதுவா கீழ்நோக்கி இருக்கும். கழுத்துல நிறைய பேருக்கு முடி பக்கவாட்டுல, சிலருக்கு மேல்நோக்கிக்கூட வளரும். கழுத்துல மட்டும் கட்டி வர்றதுக்குப் பாதிக் காரணம் இதுதான். கன்னத்துல இழுத்த மாதிரியே கழுத்துலயும் இழுக்கிறோம், அங்க அது எதிர்ப்பக்கமாப் போயிடுது.

பிளேடு போடும்போது நீளமான கூர் ஓரத்தைத் தொடாதீங்க. குட்டையான ரெண்டு பக்கத்தைப் பிடிங்க. மாட்டி முடிச்சதும் ரெண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு தெரியுதான்னு பாருங்க.

இப்போ ரேசரோட தலையைக் கன்னத்துல வைங்க. கைப்பிடி தரைக்கு இணையா இருக்கட்டும். மெதுவாக் கைப்பிடியைக் கீழ இறக்குங்க. ஒரு இடத்துல பிளேடு முடியைத் தொடுற சத்தம் கேட்கும். ஏறக்குறைய 30 டிகிரி. அந்தக் கோணத்தை அப்படியே பிடிச்சுக்கோங்க. கைப்பிடியை ரெண்டு விரல், கட்டைவிரலால மட்டும் பிடிச்சா அழுத்தவே முடியாது. ஒரு இழுப்பு ரெண்டு மூணு சென்டிமீட்டர், மக்ல ஒரு ஆட்டு, அடுத்த இழுப்பு. முடி வளர்ற திசையில மட்டும் ஒரு சுத்து.

முதல் ஒரு மாசம் அந்த ஒரு சுத்தோட நிறுத்திடுங்க. தடவினா கொஞ்சம் சொரசொரன்னு இருக்கும், இருக்கட்டும். ரெண்டடி தூரத்துல நிக்கிறவருக்கு அது தெரியாது. ஒரு மாசம் எரிச்சல் இல்லாம இருந்தா, திரும்ப நுரை போட்டு, கன்னத்துல மட்டும் குறுக்குவாட்டுல ரெண்டாவது சுத்து போகலாம். கழுத்துல எதிர்ப்பக்கமா எப்பவுமே வேண்டாம்.

முடிஞ்சதும் பச்சைத் தண்ணில கழுவி, துண்டால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. படிகாரம் கேட்பீங்க. சலூன்ல தடவுறது அதுதான், சின்னக் கீறல்ல ரத்தம் நிக்கும். இன்னொரு பயனும் இருக்கு: எந்த இடத்துல அழுத்தினீங்களோ அங்க சுரீர்னு எரிஞ்சு காட்டிக் கொடுக்கும். அரை நிமிஷத்துல கழுவிடுங்க, இல்லன்னா தோல் வறண்டுடும். ஆல்கஹால் கலந்த ஆஃப்டர்ஷேவ் வேண்டாம். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் போதும்.

பைக் ஓட்டுறவங்களுக்கு ஒண்ணு. காலையில ஷேவ் பண்ணி, உடனே ஹெல்மெட் பட்டையைக் கழுத்துல மாட்டி, வேர்வையோட ஒரு மணி நேரம் டிராஃபிக்ல உரசினா எந்த ரேசரும் காப்பாத்தாது. ராத்திரி ஷேவ் பண்ணுங்க. தூங்குற நேரத்துல தோல் ஆறிடும்.

கட்டி ஏற்கெனவே இருந்தா

என் சித்தி பையன் சென்னையில ஒரு ஹோட்டல்ல முன் அலுவலக வேலை பார்க்கிறான். தினமும் க்ளீன் ஷேவ்ல வரணும்ங்கிறது அங்க விதி. சேர்ந்து ஆறு மாசத்துல கழுத்து முழுக்கக் கட்டி. மேல்சட்டைக் காலர்ல ரத்தப் பொட்டு. ஒரு நாள் போன் பண்ணி, "அண்ணா, வேலையை விட்டுடலாம்னு இருக்கேன். கெஸ்ட்டு என் முகத்தைப் பார்க்கல, கழுத்தைத்தான் பார்க்கிறாங்க"ன்னான். அதுக்குள்ள மெடிக்கல் ஷாப்ல கேட்டு ஒரு கிரீம் வாங்கித் தடவிட்டிருந்தான். அதுல ஸ்டீராய்டு இருந்துச்சு.

இதைத் தயவுசெஞ்சு கவனிங்க. ஸ்டீராய்டு கலந்த கிரீம் தடவின ரெண்டே நாள்ல செவப்பு அடங்கும், அதனால நம்பிடுவோம். மருத்துவர் சொல்லாம முகத்துல தொடர்ந்து போட்டா தோல் மெலிஞ்சுடும், ரத்த நாளம் வெளிய தெரியும், நிறுத்தினா முன்னைவிட மோசமா வெடிக்கும்.

தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். மூணு நாலு வாரம் ரேசரே தொடாதே, டிரிம்மர்ல ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுன்னார். உள்ள மாட்டின முடியைப் பிடுங்காதேன்னார். வேலையிடத்துல காட்ட ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். நிறைய பேருக்கு இந்தக் கடிதம் கேட்கலாம்ங்கிறதே தெரியாது. கேளுங்க. ஒரு மாசம் கழிச்சுத்தான் ஒற்றை பிளேடு, ஒரு சுத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

இப்போ அவன் கழுத்து முழுசாச் சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். பழைய புள்ளிகள் இருக்கு, மங்கிட்டு வருது. புதுக் கட்டி எப்பவாவது ஒண்ணு ரெண்டு. ஆனா வேலையில இருக்கான். எல்லாம் பண்ணியும் கட்டி நிக்காத தோலும் உண்டு. அவங்களுக்கு டிரிம்மர்தான் நிரந்தர வழி, அதுல ஒரு குறையும் இல்ல.

இன்னும் ரெண்டே விஷயம். ரேசரை யாரோடயும் பகிர்ந்துக்காதீங்க, ரூம்மேட்டா இருந்தாலும். ஹெபடைடிஸ் பி, சி மாதிரி தொற்று கண்ணுக்குத் தெரியாத ரத்தத்துல போகும். சலூன்லயும் பிளேடை உங்க முன்னாடி பிரிச்சு ஒடிக்கச் சொல்லிக் கேளுங்க. நல்ல கடைக்காரர் யாரும் தப்பா எடுத்துக்க மாட்டார்.

அடுத்தது, பழைய பிளேடு. அதைக் குப்பைக் கவர்ல அப்படியே போட்டா, காலையில அந்தக் குப்பையைக் கையால பிரிக்கிற தூய்மைப் பணியாளர் கையைத்தான் அது வெட்டும். ஒரு காலி டின் எடுத்து, மூடியில பிளேடு நுழையுற அளவுக்குக் கீறி வச்சுக்கோங்க. தேய்ஞ்ச பிளேடு எல்லாம் அதுக்குள்ள. நிரம்ப ரெண்டு மூணு வருஷம் ஆகும். நிரம்பினதும் டேப் ஒட்டி, மேல "பிளேடு"ன்னு பெரிசாத் தமிழ்ல எழுதி, வண்டியில வர்றவங்க கையில தனியாக் கொடுத்து, என்னன்னு வாயாலயும் சொல்லுங்க. நம்ம தோலுக்காக இவ்வளவு நேரம் பேசினோம், அவங்க கையும் தோல்தான்.

கேள்வி இருந்தா குரல் பதிவா அனுப்புங்க. கழுத்துல முடி எந்தத் திசையில வளருதுன்னு தடவிப் பார்த்துட்டு அனுப்பினா இன்னும் நல்லது. அடுத்த எபிசோடுல பேசுவோம்.